ஜாக்கெட்டில் விழுந்த சிவப்புப் புள்ளி

போன சனிக்கிழமை என்னை ஒருவர் சுடப் பார்த்தார்.

சிரிக்காதீர்கள். இந்தப் பத்தியை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்குப் பயந்துதான் போனேன்.

இங்கே சுவிட்சர்லாந்தில், வில் நகரில் இருக்கும் சாந்தி அக்கா என் நெடுநாள் சிநேகிதி. கோயில் அன்னதானத்துக்கு சோறு வடிக்க அவர் வீட்டுப் பெரிய கிடாரம் தேவைப்பட்டது. அக்கா கோயிலில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். “வீட்டில ஒருத்தரும் இல்லை, வசந்தி. அவரும் வேலைக்குப் போயிட்டார். நீர் போய் எடுத்துக்கொண்டு வாரும்” என்று சாவியைத் தந்தார்.

மாலை ஐந்து மணிதான். நவம்பர் அல்லவா, அதற்குள் கும்மிருட்டு. ஆளில்லாத வீட்டுக்கு பெல் எதற்கு? அடிக்கவில்லை. பழக்கதோஷம்... சப்பாத்தை மட்டும் வாசலில் கழற்றிவிட்டேன். ஆக, இருட்டில், வெறும் சொக்ஸோடு, சத்தமே இல்லாமல் உள்ளே போகிறேன். கள்ளன்கூட இவ்வளவு பக்குவமாக வரமாட்டான்!

சுவிட்சைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன் — என் ஜாக்கெட்டில், நெஞ்சுக்கு நேரே, ஒரு சிவப்புப் புள்ளி.

ஏதோ மெஷின் வெளிச்சம் என்று நினைத்து விலகினேன். அதுவும் கூடவே வந்தது. ஓர் இடத்தில் நிற்கவில்லை. நெஞ்சிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து வயிற்றுக்கு... நடுங்கி நடுங்கி அலைந்தது. கொரிடோரின் அந்தப் பக்கம் நிழலாக ஓர் ஆள் நிற்கிறார். கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

ஊரில் சண்டை நேரம் ஷெல்லடிக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள் கிடந்தவள்தான் நான். அப்போதுகூட இப்படி நடுங்கியதில்லை. ஷெல் யாரென்று பார்க்காமல் வந்து விழும். இது எனக்கென்றே வந்து நின்றது.

“ஐயோ... அம்மா!”

“ஆரது? வசந்தியோ?”

லைட் எரிந்தது. பார்த்தால், மகேந்திரன் அண்ணை! சாந்தி அக்காவின் கணவர். காய்ச்சல் என்று வேலையிலிருந்து பாதியில் வந்து படுத்திருக்கிறார். கதவுச் சத்தம் கேட்டு எழும்பியிருக்கிறார். இடுப்பில் சாரமும் கழுத்தில் மஃப்ளருமாக நிற்கிறார், கையில் பிஸ்டல். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் போன் பண்ணியதும் அக்கா ஓடி வந்தார். பிஸ்டல் இருப்பது அவருக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் கல்யாணத்துக்குப் போய்வந்து பார்த்தபோது நகை அவ்வளவும் போயிருந்தது. அன்றோடு அண்ணைக்கு நித்திரை போயிற்று. இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் இங்கே துப்பாக்கி வாங்க முடியாது. அண்ணையிடம் சுவிஸ் பாஸ்போர்ட் இருந்தது. அனுமதி எடுத்தார், வாங்கினார்.

அக்காவுக்குத் தெரியாதது, அதன் கீழே பொருத்தியிருந்த, அந்தச் சிவப்புப் புள்ளியை விழுத்தும் குட்டி லேசர். அது இந்த நாட்டில் தடை. கடைக்காரர் மறுத்துவிட்டாராம். எல்லைக்கு அப்பால் ஒரு தெரிந்தவர் மூலம் அண்ணை எடுப்பித்திருக்கிறார்.

“பச்சை லேசர் எண்டால் பகலிலயும் தெரியும், ஆனால் பற்றரியைத் திண்டுபோடும். வீட்டுக்குள்ள சிவப்பே போதும்” என்று அண்ணை விளக்கம் வேறு சொன்னார். பெரிய ஆராய்ச்சிதான் நடந்திருக்கிறது! “இருட்டில குறி பார்க்கத் தேவையில்லை, வசந்தி. புள்ளி எங்கயோ, குண்டு அங்க. அறையில சுவரில புள்ளியை அடிச்சுப் பழகேக்க அசையாமல் நிண்டது.”

“இண்டைக்கு ஏன் அண்ணை அப்பிடி ஆடினது?”

தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் அவர் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சுவரைப் பார்த்து யாருக்குப் பயம் வரும், சொல்லுங்கள்? எங்கே சுடப்போகிறோம் என்று அந்தப் புள்ளி காட்டும். யாரைச் சுடப்போகிறோம் என்று எந்தப் புள்ளி காட்டும்? ஒரு டோர்ச் லைட் இருந்திருந்தால் என் முகமாவது தெரிந்திருக்கும்.

அண்ணை தன்னைத் தேற்றிக்கொள்வதுபோலச் சொன்னார். “நல்ல காலம், நீர் தமிழில கத்தினீர். அதுதான் விரலை எடுத்தனான்.”

சாந்தி அக்கா நிமிர்ந்து பார்த்தார். அவர்களுக்கு ஒரே மகன், கவின். சோலோதுர்ன் நகரில் வேலை. நினைத்தால் ரயிலேறி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பான். சாவி அவனிடமும் இருக்கிறது. இங்கேயே பிறந்தவன், நித்திரையில் புலம்புவதுகூட சுவிஸ் ஜெர்மனில்தான்.

“இஞ்சாருங்கோ... எங்கட பிள்ளை பயந்தால் தமிழிலயோ கத்துவான்?”

அண்ணையின் வாய் கோணியது. “அவன்... உள்ளுக்க வரேக்க அப்பா எண்டு கூப்பிடுவான்தானே?”

“நீங்கள் வேலையில நிக்கிறியள் எண்டெல்லோ அவன் நினைச்சுக்கொண்டு வருவான்! ஆரைக் கூப்பிடுறது?”

அண்ணை முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை பொலிஸுக்கு போன் பண்ணிச் சொல்லிவிட்டு, பிஸ்டலையும் லேசரையும் அண்ணையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். லேசருக்குத் தண்டம் கட்ட வருமாம்.

வரட்டுமே... பிள்ளை உயிரோடு வருவான்!