அண்ணனின் செல்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளை இறாலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மீன் சந்தையில் கழித்துப்போடும் இறால் ஓட்டை வாங்கிவந்து, அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, அதிலிருந்து கைட்டோசான் என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பிரிப்பது அவள் வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் வாடை போகாது. இவளைப் பெண் கேட்டுப் பூனைதான் வரும் என்பான் அண்ணன்.

அவன் தையல்காரன். நாற்பது வயதில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் கை உதறத் தொடங்கியது. அப்பாவைக் கொண்டுபோன அதே நரம்பு நோய். பரம்பரையாக வந்த ஒரு மரபணு தப்பான புரதத்தை ஓயாமல் செய்துகொண்டே இருக்கும். அதன் வாயை அடைக்கும் ஆர்.என்.ஏ. துணுக்கு உண்டு. ஆனால் வெறுமனே போட்டால் செல்லுக்குள் போவதற்குள் சிதைந்துவிடும். அதைப் பொதிந்து உள்ளே சேர்க்கத்தான் ஆய்வுக்கூடத்தில் அந்த இறால் ஓட்டுச் சர்க்கரையில் நுண்துகள் செய்தார்கள்.

சோதனைக்கு நோயாளியின் தோல் செல் தேவைப்பட்டது. தயங்கித் தயங்கி அண்ணனிடம் கேட்டாள்.

"வாத்தியார் தோலை உரிச்சிடுவேன்னு சொல்லிட்டேதான் இருந்தார். நீ செஞ்சே காட்டப்போற" என்று கையை நீட்டினான்.

செல்கள் கிண்ணத்தில் பெருகின. துகள்கள் உள்ளே போனாலும், செல் அவற்றை விழுங்கும்போது சுற்றிக்கொண்ட நுண்பைகளிலேயே சிக்கிக் கிடந்தன. சங்கிலியின் நீளத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அதற்குள் அவன் கையிலிருந்து கத்தரி போனது, கரண்டி போனது, பிறகு பேச்சும். மழைக்காலத்தில் அவனே போய்விட்டான்.

அடக்கம் முடிந்து அவள் வேலைக்கு வந்தாள். அவன் செல்கள் மட்டும் உயிரோடு இருந்தன. ஊட்டநீரை மாற்றி, புதுத் துகளைச் சேர்த்தாள். இந்த முறை பையை உடைத்துக்கொண்டு துணுக்கு செல்லுக்குள் பரவியது.

ஆனால் புரதம் குறைந்ததா என்று அளக்க, செல்களைக் கரைத்தாக வேண்டும். உறைபெட்டியில் அவன் செல்கள் இன்னும் கொஞ்சம் இருப்பது தெரிந்தும் அவளுக்குக் கை வரவில்லை. கூட வேலைசெய்பவர் தான் செய்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று அவளே கரைத்தாள்.

புரதம் பாதிக்குமேல் குறைந்திருந்தது. கூடமே மகிழ்ந்தது. அவள் நேராக அண்ணியிடம் போனாள்.

"அப்ப இதை அவருக்குக் குடுத்திருந்தா?" என்று கேட்டாள் அண்ணி.

"குடுத்திருக்க முடியாது அண்ணி. இது தோல் செல். நரம்புக்குப் போய்ச் சேரணும். எலிகிட்டகூட இன்னும் பாக்கல."

உள்ளே அண்ணன் மகள் போனில் யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் நோய் அவளுக்கும் வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி.

"அவளுக்கு நாப்பது ஆகறதுக்குள்ள மருந்து வந்துடுமா?"

"தெரியல அண்ணி."

அண்ணி எழுந்துபோய் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து அழுதாள்.