நடுவில் விட்ட இடம்

பிறவாத குழந்தைக்கு நான் போர்வை பின்னினேன். பின்ன வேண்டாம் என்று அதன் தாய் என்னிடம் கேட்டுக்கொண்ட பிறகும் பின்னினேன்.

உங்களிடம் இதைச் சொல்லும்போது என் கண் கண்டதையும் கை தொட்டதையும் மட்டுமே சொல்வேன். அச்சம் நிகழாதவற்றையும் நினைவில் சேர்த்துவிடும். குற்றவுணர்வு அதனினும் விரைவாகச் சேர்க்கும். ஆகவே ஐயத்துக்கு உரியதை எல்லாம் விலக்கிவிட்டேன். எஞ்சியது இவ்வளவே.

மலர்விழி என் தம்பியின் மனைவி. அவள் பாகூரில் இருக்கிறாள், நான் வில்லியனூரில். பிறக்கும் முன் குழந்தைக்கென்று ஒரு துணிகூட வாங்கலாகாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பிறந்த பிறகும் முதலில் பழந்துணியில்தான் கிடத்துவோம். முதற்கருவைச் சுமந்திருந்தபோது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“ஒங்க கை சும்மா இருக்காது அண்ணி. கொயந்த பொறக்கறவரைக்கும் அந்தக் கொக்கி ஊசியத் தொடாதீங்க.”

தலையசைத்தேன். வீடு திரும்பியதும் தொடங்கினேன்... ஏன்? வழக்கத்தை மூடத்தனம் என்று எண்ணினேனா? இல்லை, அத்தனை பெரிய கொள்கை எதுவும் எனக்கில்லை. கூடை நிறைய மிச்ச உல்லன் நூல் கிடந்தது. ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றின் படத்தைக் கைபேசியில் பார்த்திருந்தேன்: நடுவே மஞ்சள் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பல வண்ணப் பட்டைகள். அதை நூலில் கொண்டுவர ஆசைப்பட்டேன். வெறும் ஆசை!

கடைசிக் கண்ணியை இறுக்கி நூலை அறுத்த அன்று மாலை தம்பி அழைத்தான். குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது.

போர்வையை எவருக்கும் காட்டவில்லை. முழுவதையும் பிரித்தேன். பிரித்த நூல் கண்ணிகளின் வளைவோடு சுருண்டிருக்கும். நனைத்து, நுனியில் கனம் கட்டித் தொங்கவிட்டால் நேராகும். மற்ற எல்லா நிறங்களும் நேராயின. மஞ்சள் மட்டும் ஆகவில்லை. சில செயற்கை இழைகள் அப்படித்தான் என்றார் தவளக்குப்பத்து நூல்கடைக்காரர். இருக்கலாம்.

பின்னர் மலர்விழிக்குப் பெண் பிறந்தாள், நலமாக. இப்போது பின்னித் தாருங்கள் என்று அவளே கேட்டாள். மீண்டும் அதே அமைப்பு. நடுச்சதுரத்துக்கு அந்தப் பழைய மஞ்சளையே எடுத்தேன். வேறு மஞ்சள் வாங்கியிருக்கலாம். கடை திறந்துதான் இருந்தது. ஏன் எடுத்தேன் என்று இன்றும் என்னால் சொல்ல இயலவில்லை. நூலின் ஒவ்வொரு வளைவும் என் ஊசியில் தன் பழைய இடத்திலேயே போய் அமர்ந்தது. நான் பின்னவில்லை, அது திரும்பி வருகிறது என்று தோன்றியது... இதை விலக்கிவிடுங்கள். இது தோன்றியது, கண்டதன்று.

போர்வையைக் கொடுத்தபோது மலர்விழி மஞ்சளைக் கட்டைவிரலால் நெடுநேரம் வருடினாள்.

“இது பழைய நூலா அண்ணி?”

“மிச்ச நூலு” என்றேன்.

அது பொய்யன்று. உண்மையும் அன்று.

அந்தப் போர்வையை விரித்தால், அவள் குழந்தையை நடுவே கிடத்துவதில்லை. ஓரத்தில் கிடத்துகிறாள். குழந்தை மஞ்சள் பக்கமே திரும்பி, அதன்மேல் கை வைத்துச் சிரிக்கிறது. பளிச்சென்ற நிறம் எந்தக் குழந்தையையும் ஈர்க்கும், அறிவேன். ஆயினும், மஞ்சள் உள்ளே மறையும்படி நான் மடித்துப் போட்ட நாளிலும் அந்தச் சிறு கை மடிப்புக்குள் நுழைந்து அங்கேயே நின்றது. கண்டேன்.

“நடுவுல படுக்க வெச்சா இன்னா, மலரு?”

“அங்க எடம் வேணும் அண்ணி” என்றவள், காய்ந்த துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

சென்ற வாரம் போர்வையை என்னிடம் கொடுத்தாள். மஞ்சளின் நூல்நுனி வெளியே வந்திருந்தது. உள்ளே தள்ளித் தைத்துத் தரச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“அறுத்துடாதீங்க.”

போர்வை இப்போது என் மடியில் இருக்கிறது. நுனியை நான் இன்னும் செருகவில்லை. செருகினால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது அது எந்த நூல் என்று சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னால், அந்தக் குழந்தையின் கையை மஞ்சளிலிருந்து எடுப்பவள் நானாகிவிடுவேனா?

என் பின்னலுக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பு உண்டா என்பது தெரியாது. மலர்விழி அறிவாளா என்பது தெரியாது. நடுவில் விட்ட இடம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஆகவே அதுவும் தெரியாது.