அக்கா ஊர் ஊராகக் கொண்டுபோன படங்கள்

அக்காவின் முதலாண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத என்னைவிட அவர் மகளுக்கே உரிமை அதிகம். "நான் எழுத உக்காந்தா அழுதுடுவேன், நீங்களே எழுதுங்க மாமா" என்று அவள் சொன்னதால் எழுதுகிறேன்.

கீழ்பென்னாத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பயிரிட்டு வாழ்ந்த குடும்பத்தில் அக்கா பிறந்தார். பத்தாம் வகுப்பு முடித்ததும் திருவண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் விபத்தில் இறந்தபோது மகள் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். ஊருக்கே வந்துவிடும்படி அப்பா கூப்பிட்டார். "அங்க வந்தா எல்லாரும் பாவம்னு பாப்பாங்க. இங்க வேலைக்காரினு பாப்பாங்க. அது பரவால்லப்பா" என்று அக்கா மறுத்துவிட்டார்.

ஆசிரமம் பக்கம் வெளிநாட்டவர் தங்கும் ஒரு விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தார். காதால் கேட்டே ஆங்கிலம் கற்றார். சில ஆண்டுகளில் செங்கம் சாலையை ஒட்டி ஒரு மாடி வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, தாமே அறைகளை வாடகைக்கு விட்டார். அவர் அடுப்பில் காரம் கம்மி, காரம் ஜாஸ்தி என்று எப்போதும் இரண்டு குழம்பு இருக்கும். கோபமும் உண்டு. அறைகளைக் கூட்ட வேலைக்கு வந்த ஓர் அம்மாவிடம் கத்திய ஒரு விருந்தாளியின் பையை அக்காவே தூக்கி வாசலில் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதம் தங்கியிருந்ததே அவர் ஒருவர்தான்; மற்ற அறைகளெல்லாம் காலியாகக் கிடந்தன.

அக்காவின் வாழ்வில் பெரிய காரியம் என்று நான் நினைப்பது அதன் பிறகு நடந்தது.

அங்கே ஆண்டுதோறும் வந்து தங்கும் ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒருமுறை அவர் ஓர் உறை நிறையப் பழைய கருப்பு வெள்ளைப் படங்களைக் கொண்டுவந்து அக்காவிடம் காட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது நம் பக்கத்தில் இருந்த ராணுவப் பயிற்சி முகாமில் அவருடைய தந்தை இருந்திருக்கிறார். ஓய்வு நாட்களில் கேமராவோடு சுற்றுக் கிராமங்களுக்குப் போயிருக்கிறார். வரிசையாகக் கூடாரங்கள், அரைக்கால் சட்டையில் துப்பாக்கிப் பயிற்சி செய்யும் சிப்பாய்கள், ஏரிக்கரை, ஏர் பூட்டிய மாடுகள், களத்தில் நெல் தூற்றும் பெண்கள். எந்தப் படத்திலும் ஊர்ப்பெயர் இல்லை. இவை எந்த ஊர்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார்.

பல படங்களில் பின்னால் மலை தெரிந்தது. நம் மலை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு விதமாகத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை வைத்து, என் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அக்கா ஊர் ஊராகப் போனார். டீக்கடையில் படத்தை நீட்டுவார். பெரியவர்கள் கூடிவிடுவார்கள். பல ஊர்களை அடையாளம் கண்டோம். ஆளையே அடையாளம் கண்ட இடங்களும் உண்டு. போன இடத்திலெல்லாம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வருவார்.

அந்த ஆங்கிலேய விருந்தாளியின் நண்பர் ஒருவர் இந்தப் படங்களைத் தம் காபிக் கடையில் கண்காட்சியாக வைக்க ஏற்பாடு செய்தார். அழைப்பிதழுக்கு அவர் தேர்ந்தெடுத்தது முகாமின் முள்வேலி ஓரம் எடுத்த படம். கிழிந்த புடவையில் இளம்பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு, கையில் ஈயச் சட்டியோடு நிற்கிறாள். சிப்பாய்கள் சாப்பிட்டு மிஞ்சியதை வாங்க வந்தவள். அந்தக் குழந்தை இப்போது எழுபதைத் தாண்டிய பெரியவராகப் பக்கத்து ஊரில் இருப்பதை அக்கா விசாரித்துத் தெரிந்து வைத்திருந்தார். "அவங்க வீட்ல கேக்காம மாட்டக் கூடாது" என்று சொல்லி என்னைக் கிளப்பினார்.

படத்தைப் பார்த்த பெரியவரின் மகனுக்கு முகம் மாறிவிட்டது. "எங்க ஆயா சோத்துக்குச் சட்டி ஏந்தி நிக்கிறத ஊரே பாக்கணுமா? கிழிச்சிப் போட்டுட்டுப் போங்க" என்றார். அக்கா வாதாடவில்லை. "சரிங்க, மாட்ட மாட்டோம்" என்று எழுந்துவிட்டார்.

காபிக் கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. இருப்பதிலேயே இதுதான் சிறந்த படம் என்றார். "நல்ல படம்தாங்க. ஆனா அது அவங்கம்மா. அன்னிக்கி யாரும் அந்தப் பொண்ணக் கேட்டுட்டு எடுக்கல. இப்பவாவது கேக்கலாமில்ல" என்றார் அக்கா. அதையே ஆங்கிலத்தில் விருந்தாளியிடமும் சொன்னார். அவருக்கு வலித்தது எனக்குத் தெரிந்தது. அவருடைய தந்தை எடுத்த படம் அல்லவா? மறுநாள் காலை அவரே அக்காவிடம் வந்து, அந்த வீட்டுக்குத் தம்மையும் கூட்டிப்போகச் சொன்னார்.

மூவரும் போனோம். விருந்தாளி படத்தைப் பெரியவர் கையிலேயே கொடுத்துவிட்டார். பெரியவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்: "எனக்கு நெனவு தெரியறதுக்குள்ள எங்கம்மா பூட்டாங்க. மொகமே தெரியாதும்மா. அன்னிக்கி எனக்குச் சோறு வாங்கத்தான் அங்க போய் நின்னிருப்பாங்க. சட்டி வேணாம், கிழிசல் வேணாம். மொகத்த மட்டும் பெருசாக்கிக் குடுக்க முடியுமா?"

அவர் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா ஸ்டூடியோவில் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். கண்காட்சி வேறு படங்களோடு நடந்தது. பெரியவரும் பேரப்பிள்ளைகளோடு வந்து பார்த்தார்.

நோய் வந்து வேலூரில் சிகிச்சை எடுத்தபோதும், வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டு, கைப்பேசியில் இருந்த ஏரிக்கரையைக் காட்டிக்கொண்டிருந்தார். கடைசி வாரம் பேச்சு குறைந்துவிட்டது. மகள் கையைப் பிடித்தபடியே கண் மூடினார்.

சாவுக்குப் பெரியவரின் மகன் வந்திருந்தார். மாலை போட்டுவிட்டு என்னிடம், "எங்க வீட்ல இப்ப ஆயா படத்துக்குத்தான் முதல்ல பூ வெக்கிறோம். இவங்க குடுத்தது" என்றார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வந்து நின்ற ஆட்டோக்காரத் தம்பிக்கும், அறைகளைக் கூட்டி இன்றுவரை கவனித்துக்கொள்ளும் அந்த அம்மாவுக்கும், ஒவ்வொரு பண்டிகைக்கும் மகளை விசாரித்து எழுதும் அந்த விருந்தாளிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் சில படங்களில் இருப்பவர்கள் யாரென்று தெரியவில்லை. அவற்றை இந்த மலரிலேயே அச்சிடலாம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். அக்கா சம்மதித்திருக்க மாட்டார். ஆகவே கூடத்து மேசைமேல் வைத்திருக்கிறோம். சாப்பிட்ட பிறகு கை துடைத்துக்கொண்டு வந்து பாருங்கள். தெரிந்த முகம் இருந்தால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள். அந்த வீட்டுக்கு நானும் அக்கா மகளும் போய்க் கேட்டுக்கொள்கிறோம்.