வண்டிக்கு ஊற்றிய நெய்

முகம்மது கனி என்ற பேரைக் கமருன்னிசா முதன்முதலாகக் கேட்டது நாத்தனார் ஷஹனாஸ் வாயால்தான். ஷஹனாஸ் வீட்டுக்காரருக்குப் பாலக்கரையில் சமோசாக் கடை.

"மச்சி, இந்தக் கூத்தைக் கேட்டீங்களா? கனின்னு ஒருத்தன், துபாய்ல இருந்து வந்தவனாம். நாங்க கீழ கொட்டுற எண்ணெயை டின்னு டின்னா வாங்கிட்டுப் போறான். வேன் ஓட்டவாம்!"

"பாவம், பைத்தியமா?" என்றார் கமருன்னிசா.

அந்தப் பைத்தியமே இரண்டு வருஷத்தில் மருமகனாக வந்து வாய்த்தது. கனியின் உம்மா, கமருன்னிசாவின் அக்கா வீட்டுச் சம்பந்திக்கு ஒன்றுவிட்ட தங்கை. அந்த வழியில் பேச்சு வந்தது, மகள் ஆபிதாவும் தலையை ஆட்டிவிட்டாள். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. குடி கிடையாது, புகை கிடையாது. புகையெல்லாம் வேன்தான் விட்டது.

எடமலைப்பட்டி புதூரில் வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்திருந்தான். பழைய எண்ணெயைத் தண்ணீர் வற்றக் காய்ச்சி, நாலு நாள் தெளியவிட்டு, துணியில் மூன்று தரம் வடிகட்டி, பாதிக்குப் பாதி டீசல் கலந்து ஊற்றுவான். நோன்பு மாசம்தான் அவனுக்கு அறுவடை. பாலக்கரை முழுக்க வடையும் சமோசாவும் பொரியும். அந்த ஒரு மாசத்து எண்ணெயில் வேன் ஆறு மாசம் ஓடும். போகிற தெருவெல்லாம் சமோசா மணக்கும். பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்து, தின்ன ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் திட்டிவிட்டுப் போவார்கள்.

போன மார்கழியில் லெப்பைக்குடிக்காட்டில் கமருன்னிசாவின் தங்கை பேரனுக்கு நிக்காஹ். காலை பதினோரு மணிக்கு. பெண்ணுக்குக் கட்டுகிற கருகமணியை அக்காதான் கோத்து எடுத்து வரவேண்டும் என்று தங்கை சொல்லியிருந்தாள். போவது கனியின் வேனில். கமருன்னிசாவுக்கு அதுதான் உறுத்தல். சம்பந்தக்காரர்கள் கூடி நிற்கிற வாசலில் சமோசா நாற்றத்தோடு போய் இறங்குவதா?

முந்தின நாள் சாயங்காலம் கல்யாண வீட்டுக்கென்று சோமாசு பொரித்ததில் நெய்யும் வனஸ்பதியுமாக மூன்று லிட்டர் மிஞ்சியது. யாரும் பார்க்காத நேரத்தில், வெதுவெதுப்பாக இருக்கும்போதே, அதை அப்படியே கொண்டுபோய் வாசலில் நின்ற வேன் டேங்கில் ஊற்றிவிட்டார். நாளைக்கு நெய் மணக்கப் போகலாம் என்று நிம்மதியாகப் படுத்தார்.

விடிகாலைப் பனி. காவிரிப் பாலத்தின் நடுவில் வேன் ஒரு தரம் இருமியது, இன்னொரு தரம் இருமியது, நின்றேவிட்டது.

ஷஹனாஸ் உட்பட எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். ரங்கநாதரைச் சேவிக்க நடந்து போனவர்களும் கை கொடுத்தார்கள். மாம்பழச்சாலையில் ஒரு டிபன் கடை வாசலில் கொண்டு நிறுத்தியதும் கனி பில்டரைக் கழற்றினான். உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது.

"இது நம்ம எண்ணெய் இல்லையே மாமி" என்று தலையைச் சொறிந்தான்.

"எங்க கடை மேல மட்டும் பழியைப் போட்டுடாதீங்க மாப்பிள்ளை!" என்றார் ஷஹனாஸ், யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே.

கடைக்காரர் ஹரிஹரசுதன் கரண்டியும் கையுமாக வந்து குனிந்து பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"என்ன தம்பி, இஞ்சின்ல நெய் மணக்கறது? ஏலக்காய் வேற! பட்சணம் பண்ணின நெய்யில்லையோ இது!"

கமருன்னிசா மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மணி ஏழாகப் போகிறது. கருகமணி இவர் மடியில். வாயை மூடிக்கொண்டிருந்தால் மருமகன் எங்கெங்கோ கோளாறு தேடி நேரத்தை ஓட்டிவிடுவான். அங்கே பெண் உட்கார்ந்து காத்திருப்பாள்.

"நான்தான் ஊத்துனேன்" என்றார். "நெய்தானே, நல்லா மணக்குமேன்னு..."

கனி மாமியைப் பார்த்தான், பில்டரைப் பார்த்தான், ரோட்டோரமாக உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாப்பிள்ளைக்கு வச்ச விருந்துல வண்டிக்கும் பங்கு வச்சிட்டீங்களா மாமி! விடுங்க. என்னன்னு தெரிஞ்சா போதும், சூடு காட்டுனா இளகிடும்."

ஹரிஹரசுதன் அண்டாவோடு வெந்நீர் கொடுத்தார். எண்ணெய்க் குழாயின்மேல் ஊற்ற ஊற்ற உள்ளே நெய் இளகியது. டேங்கின்மேல் சாக்கைச் சுற்றி அதிலும் ஊற்றினார்கள். கனி மாற்று பில்டரைப் பொருத்தினான். வெயிலும் ஏறிவிட்டது. எட்டரைக்கு இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஷஹனாஸ் குலவை போடாத குறைதான்.

"எங்காத்து வடை எண்ணெய் பின்னாடி நாலு டின் கிடக்கு. திரும்பி வரச்சே எடுத்துண்டு போயேன்" என்றார் ஹரிஹரசுதன்.

பத்தே முக்காலுக்கு லெப்பைக்குடிக்காடு போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் தவித்துக்கொண்டிருந்த தங்கை கருகமணியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். நிக்காஹ் குறித்த நேரத்தில் நடந்தது. தாமதம் ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கமருன்னிசாவே கதையைச் சொன்னார். மூன்றாவது தரம் சொல்லும்போது நெய் ஐந்து லிட்டர் ஆகியிருந்தது.

முகம்மது கனி இப்போதும் எடமலைப்பட்டி புதூரில்தான் இருக்கிறான். இரண்டு வேன் ஓட்டுகிறான். செவ்வாயும் சனியும் மாம்பழச்சாலை போய் வடை எண்ணெய் எடுத்து வருகிறான்.