எம். தியாகராஜா, கட்டுக்கலை, கண்டி

முதலில் சோப்புப் போட்டுக் கழுவுவாள். பிறகு துவாயால் துடைப்பாள். துடைத்த கையையும் நம்பமாட்டாள். விரல் இடுக்கெல்லாம் முகப்பவுடரைப் பூசித் தட்டி, இரண்டு கையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதன் பிறகுதான் அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறப்பாள். புத்தகத்தை விரல் நுனியால் இழுக்கமாட்டாள். தோசைக்கு அடியில் கரண்டியை நுழைப்பதுபோல உள்ளங்கையைக் கொடுத்து எடுப்பாள். "ஒரு சொட்டு ஈரம் பட்டா போதும் திரேசாக்கா, மை ஓடிரும். அப்புறம் குந்திக்கிட்டு அழுதாலும் வராது" என்பாள் ஜெயராணி.

ஏதோ தேவாரத் திரட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனையும் காமிக்ஸ். முகமூடி போட்டு, பறந்து, மலையைப் பெயர்க்கிற ஆட்களின் கதை. அதிலும் தனி ஆள் சாகசம் அவளுக்கு ஆகாது. இரண்டு மூன்று வீரர்கள் ஒரே கதையில் சேருகிற பழைய 'கூட்டணி இதழ்'கள்தான் வேண்டும். நீலப்புயல் என்று ஒருவன் வானத்தில் திரிவான். கருங்கல் மாறன் என்று ஒருவனுக்கு உடம்பே பாறை. இவர்களோடு ஒளிமங்கை. நான் அரசாங்கக் கச்சேரியில் காலமெல்லாம் கோப்புப் புரட்டி ஓய்வுபெற்று, ஜெயராணியின் மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரி. என்னையே இருத்தி வைத்து இந்தக் கதையெல்லாம் கேட்க வைத்தவள் அவள்.

"எல்லா கூட்டணி கதையும் ஒண்ணுதான் அக்கா. மொதல்ல கண்ணுமண்ணு தெரியாம அடிச்சிக்குவாங்க. பாதி ஊரு இடிஞ்சி விழுந்த பொறகுதான் 'நீ யாரு'ன்னே கேப்பாங்க. ஆம்பளைங்கதானே!" சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஒளிமங்கையை உனக்குப் பிடிக்காதா என்று ஒருநாள் கேட்டேன். "அவளா? காப்பாத்துங்கன்னு கத்துறதுக்கு அவளுக்கு எதுக்கு சக்தி?" அவளுடைய ஆள் கருங்கல் மாறன்தான். குறைவாகப் பேசுகிறவன், அடியை வாங்கிக்கொண்டு நிற்கிறவன்.

ஜெயராணி டவுனில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். அந்த உத்தியோகத்தால் புத்தகங்களுக்கு ஒரு லாபம் உண்டு. மாத்திரைப் போத்தலுக்குள் ஈரத்தை உறிஞ்ச ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம் கிடக்குமல்லவா, தின்னக்கூடாது என்று எழுதியிருக்குமே, அதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு பொலித்தீன் உறைக்குள்ளும் ஒன்று. கண்டிப் பனியில் செருப்புக்கே பூஞ்சணம் பிடிக்கிறது. அவளுடைய புத்தகத்தில் ஒரு புள்ளி கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பொட்டலங்களை வெறும் தாச்சியில் போட்டு, மெல்லிய நெருப்பில் சூடாக்கி, ஈரத்தைப் போக்கி, மறுபடி உறைகளுக்குள் வைப்பாள். தியாகராஜா கூடத்திலிருந்து குரல் கொடுப்பார். "சோத்து சட்டியில என்னத்தடி வறுக்குற? அந்த பொம்ம புக்குக்கு தாளிச்சி வேற கொட்டப்போறியா?" தியாகராஜா அவளுடைய புருஷன். மாநகரசபையில் தண்ணீர்ப் பகுதியில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர்.

ஜெயராணி பிறந்த ஊர் கம்பளை. அப்பாவுக்கு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பேப்பர்க்கடை. இந்தியாவிலிருந்து வருகிற வாரப் பத்திரிகைகளும் காமிக்ஸும் முன்னால் கயிற்றில் தொங்கும். விற்கிற புத்தகத்தை வீட்டுப் பிள்ளைகள் விரிக்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். விரித்தால் பழசாகிவிடுமாம். கூட்டணி வரிசையின் முதல் இதழ் வந்திறங்கிய அன்று, அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன பதினாறு வயதுப் பெண் அதைக் கக்கத்தில் இடுக்கி, சோற்றுப்பெட்டி சுற்றி வந்த துவாயை மேலே போட்டு மறைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து மெத்தைக்கு அடியில் வைத்தாள். படித்துவிட்டுத் திருப்பி மாட்டுவதுதான் எண்ணம். அந்த வாரமே எண்பத்துமூன்று இனக்கலவரம். கடையைக் கொளுத்தினார்கள், ஒரு கடதாசி மிஞ்சவில்லை. "ஒண்ணுமே மிஞ்சல, ஒண்ணுமே மிஞ்சல" என்று அப்பா சாகும்வரை புலம்பினாராம். ஒன்று மிஞ்சியிருக்கிறது என்று அவரிடம் எடுத்துக் காட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை. களவெடுத்ததல்லவா? "காட்டியிருந்தா அடிச்சிருக்க மாட்டாரு அக்கா. சந்தோசப்பட்டிருப்பாரு. அந்த வயசுல தெரியல" என்று என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

கல்யாணமாகிக் கண்டிக்கு வந்த பிறகு மற்ற இதழ்களைத் தேடித் தேடிச் சேர்த்தாள். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் கழித்துப் போட்டவை, பழைய பேப்பர்க்காரனின் சாக்கில் கிடந்தவை, எல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. பார்மசிக்கு வருகிற பொடியன்கள் இரவல் கேட்பார்கள். கொடுப்பாள். திரும்பி வராது. பொம்பிளையின் புத்தகம்தானே, என்ன செய்துவிடப் போகிறாள்? யோசித்துப் பார்த்துவிட்டு, மார்க்கெட் பக்கம் ரப்பர் முத்திரை வெட்டுகிறவனிடம் போய் ஒன்று செய்வித்தாள். மூன்று வரி. எம். தியாகராஜா. கட்டுக்கலை. கண்டி. ஊதா மையில் ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் குத்தினாள். அப்பாவின் கடைப் புத்தகத்தையும் விடவில்லை. "ஒரு ஆம்பள பேரு இருந்தா பயந்துகிட்டு கொண்டாந்து குடுப்பாங்க அக்கா." அவள் சொன்னது சரி. அதன் பிறகு இரவல் போனவை ஏறக்குறைய எல்லாம் திரும்பி வந்தன. புருஷன்தான் குதித்தார். ஒபிசில் யாரோ கண்டுவிட்டுப் பகிடி பண்ணினார்களாம். "என் பேர பொம்ம புக்குல குத்தி என் மானத்த வாங்குறியா?" என்று இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

திரும்பாத ஒன்றிரண்டில் ஒன்று எப்படியோ உருண்டு கொழும்பில் ஒரு பழைய புத்தகக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அது சுதேஷ் என்ற பையனின் கையில் கிடைத்தது. கம்பியூட்டர் வேலை பார்க்கிறவன். பழைய காமிக்ஸ் என்றால் உயிர். பேஸ்புக்கில் அவனுக்கு ஒரு கூட்டமே இருக்கிறது. முத்திரையைப் பார்த்துவிட்டு, அக்குறணையிலிருக்கிற சிநேகிதன் ருஷ்தியையும் ஏற்றிக்கொண்டு கட்டுக்கலைக்கு வந்து விசாரித்திருக்கிறான். ஜெயராணி வேலைக்குப் போயிருந்த நேரம். "எம். தியாகராஜான்னா நீங்கதானா அங்கிள்?" என்று கேட்டு இருவரும் காலில் விழாத குறை. தியாகராஜா என்ன சொல்லியிருக்கவேண்டும்? "ஆமா தம்பி, நாந்தான். உள்ள வாங்க" என்றிருக்கிறார். அவள் வந்து பார்க்கும்போது மனுஷன் சாய்மனைக் கதிரையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டிருக்கிறார், அலுமாரி ஆவென்று திறந்து கிடக்கிறது.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை வருகை. தியா அங்கிள் என்று பட்டம் வேறு. இவர் வாய்க்கு வந்ததை அள்ளிவிடுவார். "அங்கிள், இந்த பனிக்குள்ள இதெல்லாம் எப்பிடி இவ்ளோ வடிவா பாதுகாத்து வெச்சீக்கிறீங்க?" என்று ருஷ்தி கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். "ஒழுக்கம் தம்பி. எதுக்கும் ஒரு ஒழுக்கம் வேணும்" என்றார். சமையலறையில் தாச்சி சூடாகிக்கொண்டிருந்தது. 

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. கருங்கல் மாறன் பறந்துபோய்க் கப்பலைத் தூக்கினான் என்று தியாகராஜா கதை சொன்னார். "அவன் எங்க பறந்தான்? கடலுக்கு அடியால நடந்தில்ல போனான்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.  இப்போது விளங்கிவிடும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுதேஷ் கைகொட்டிச் சிரித்தான். "அன்ரிக்குக் கூட தெரிஞ்சிருக்கே! அங்கிள், வீட்டுக்காரங்களையும் நல்லா பழக்கி வச்சிருக்கீங்க!"

அவர்கள் போன பிறகு அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏனடி வாய் திறக்கேல்லை? அது என்ர புத்தகம் எண்டு சொல்லுறதுக்கு என்ன?"

"சொல்லி என்னக்கா? ரிட்டயரானதுல இருந்து அவர தேடி ஒரு ஆளு வரல. கதவ பாத்துக்கிட்டே இருப்பாரு. இப்பதான் நாலு பேரு அங்கிள்னு வாராங்க, ஷேவ் எல்லாம் எடுத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. கெடக்கட்டும். பேருதானே? புக்கு எங்கிட்டதானே இருக்கு."

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. இளகின இரும்பைக் கண்டால் கொல்லனும் குண்டி தூக்கி அடிப்பான் என்று அவளுக்கே சொன்னேன். சிரித்தாள்.

போன மாதம் அந்த அடி விழுந்தது. கொழும்பில் ரசிகர்கள் கண்காட்சி வைக்கிறார்களாம். அதில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பிறகு அவர்களுடைய சங்கத்திலேயே நிரந்தரமாக வைத்திருக்க, கூட்டணி முதல் இதழைத் தருவதாக தியாகராஜா போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை. அவர்கள் வர இருந்த ஞாயிறு காலையில்தான் அவளிடம் சொன்னார். சத்தம் கேட்டு நான் படியிறங்கி வந்தேன்.

"மத்த எல்லாத்தையும் குடுங்க. அலுமாரியோட தூக்கி குடுங்க. அத மட்டும் விட்ருங்க. அது எங்கப்பா கடையோடது" என்று கெஞ்சினாள். அவள் கெஞ்சி நான் கண்டது அன்றுதான்.

"தெரியும்டி. இப்ப என்ன, நெருப்புலயா போடப்போறாங்க? கண்ணாடிக்குள்ள ராசா மாதிரி இருக்கும். குடுக்குறேன்னு சொல்லிட்டேன், நான் என்ன சின்ன புள்ளையா, பேச்சு மாத்த?" என்றவர், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அதோட, அதுல யாரு பேரு போட்டிருக்கு? ஓம் பேரா?"

அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். நான் மேலே போகாமல் அங்கேயே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இருவரும் வந்தார்கள். பொன்னாடை கொண்டுவந்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைக்க அச்சடித்த அட்டையும் இருந்தது: 'அன்பளிப்பு: எம். தியாகராஜா, கட்டுக்கலை, கண்டி.' முத்திரையில் இருந்தபடியே எழுத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தான் சுதேஷ். பொன்னாடையைப் போர்த்திப் படம் எடுத்தார்கள். ருஷ்தி என்னையும் பக்கத்தில் நிற்கக் கூப்பிட்டான். எனக்குக் கால்வலி என்றேன். ஜெயராணி தேத்தண்ணி கொடுத்து, கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஜெயா, அந்த புக்க எடுத்துக்கிட்டு வா. புள்ளைங்க கொழும்புக்கு போகணும்ல" என்று கூப்பிட்டார் தியாகராஜா.

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. வந்தாள். முழங்கைவரை தண்ணீர் வழிந்தது. தோளில் துவாய் கிடந்தது, அதைத் தொடவில்லை. பவுடர் டப்பா ஜன்னலில்தான் இருந்தது, அந்தப் பக்கமே போகவில்லை. அப்படியே குனிந்து கீழ்த்தட்டைத் திறந்தாள்.

ருஷ்திதான் முதலில் கண்டான். "அன்ரி! கை ஈரமாயீக்கி அன்ரி!" என்று கதிரையிலிருந்து எழும்பினான். தியாகராஜாவுக்கு அவன் ஏன் பதறுகிறான் என்றே விளங்கவில்லை. பொன்னாடையின் சரிகையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் உறையைக் கழற்றிக் கீழே போட்டாள். வெள்ளைப் பொட்டலம் உருண்டு விழுந்தது. முதல் பக்கத்தை விரித்து, ஈரப் பெருவிரலை முத்திரையின் மேல் வைத்துத் தேய்த்தாள். கண்டி கரைந்தது. கட்டுக்கலை கரைந்தது. விரலை உடுத்திருந்த ஹவுஸ்கோட்டில் துடைத்து, முழங்கையில் வழிந்த தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, மேல்வரியையும் தேய்த்தாள். ஊதா மை படத்தில் பறக்கிற நீலப்புயலின் கால்வரை ஓடிப் பரவியது. கடதாசி பஞ்சாகத் திரண்டு உதிர்ந்தது. "ஐயோ அன்ரி, என்ன வேலை செய்யிறீங்க! போச்சு, எல்லாம் போச்சு!" என்று சுதேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த அட்டை அவன் மடியிலிருந்து நழுவி விழுந்தது.

"ஏய், ஒனக்கு என்ன பைத்தியமா?" என்றார் தியாகராஜா.

"எங்கப்பா கடை புக்குல யாரு பேரும் இருக்காது" என்றாள் ஜெயராணி.

புத்தகத்தை மூடினாள். கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தோளில் கிடந்த துவாயை இழுத்து அதற்கு மேலே போட்டு மறைத்துக்கொண்டு, மிச்சக் கோப்பைகளைக் கழுவ உள்ளே போனாள்.