செக்கில் சேராத வரி

போன வாரம், என் மருத்துவப் பாலிசியைப் புதுப்பிக்க ஜங்ஷன் பக்கமுள்ள இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன்.

கியூவில் எனக்கு முன்னால் நின்றவரோடு பேச்சுக் கொடுத்தேன். பெயர் சங்கரலிங்கம். முக்கூடலில் டிராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டையரானவர். பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவர் மனைவி கோமதி.

அவர் முறை வந்தது. கவுண்டர் அம்மாள் செக்கைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது காணாது சார். பட்ஜெட்டுல இன்சூரன்ஸுக்கும் சேவை வரி போட்டுட்டாவ.”

“போன வருஷத் தொகையைத்தானே எழுதியிருக்கேன்?”

“அதுக்கு மேல வரி, சார். மீதியை ரொக்கமா கட்டிருங்க. இன்னைக்குத்தான் கடைசி நாள்.”

பட்ஜெட் என்றால் நாம் என்ன பார்ப்போம்? சோப்பு, சிகரெட், டி.வி... பாலிசிக்கு வரி வந்ததை யார் கவனித்தோம்?

கோமதிக்கு இதய வால்வில் கோளாறு. இருவருக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்த பிறகு வந்தது. அடுத்த மாதம் ஆபரேஷன். பாலிசி விட்டுப்போனால், புதிதாக எடுக்கும்போது ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்று கழித்துவிடுவார்கள்.

சங்கரலிங்கம் சட்டைப் பையைத் துழாவினார். பஸ்ஸுக்குத்தான் இருந்தது.

“அப்போ என் பேரை எடுத்துருங்க. அவ பேரு மட்டும் இருக்கட்டும்.”

“நான் தாரேன் அண்ணாச்சி” என்றேன்.

“வேண்டாம் சார்.” முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

கோமதி பைய எழுந்து வந்து பர்ஸைத் திறந்தார்.

“பேரை எடுக்காதிய தாயி. இந்தாங்க.”

“அது உன் மாத்திரைக்கு வச்சிருந்த ரூவால்லா?”

“மாத்திரையைப் பொறவு பாப்போம். உங்க பேரு இல்லாம எனக்கு மட்டும் என்னத்துக்கு?”

சங்கரலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ரசீதில் இருவர் பெயரும் வந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்த மருந்துக்கடைக்கு இருவரையும் அழைத்துப்போனேன். விஷயத்தைக் கேட்ட கடைக்காரர் ஒரு மாதத்து மாத்திரையை எடுத்து வைத்தார்.

“பென்ஷன் வந்ததும் குடுங்க அண்ணாச்சி. இதுல என்ன இருக்கு?”

கடனென்றதும் சங்கரலிங்கம் வாங்கிக்கொண்டார். நான் நீட்டியதை ஏன் மறுத்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து என் ரசீதைப் பத்திரப்படுத்தினேன். கட்டிய பிரீமியத்துக்கு எனக்கு வருமான வரியில் கழிவு உண்டே!

வருமான வரி கட்டுமளவுக்கு வருமானமே இல்லாத சங்கரலிங்கத்துக்குக் கழிவு ஏது? அவருக்கு வரி மட்டும்தான்.