யூனிட்டுக்கு ஒரு மாதம்

என் அக்கா வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மீட்டர்காரர் என்றால்தான் தெரியும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு. கேட்டைத் திறப்பார், எண்ணைப் பார்ப்பார், குறிப்பார், கேட்டைச் சாத்துவார். தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று யாராவது சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வீட்டில் இருப்பார். சொந்தபந்தம் என்றாலும் அதே கதைதான். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காருவதற்குள் சாப்பிட்டுக் கை கழுவி வேலைக்குக் கிளம்பிய ஆள். எங்கே போனாலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான் நிற்பார். நான் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்த எத்தனையோ பேரைத் திறக்க வைத்திருக்கிறேன். அத்தானிடம் மட்டும் என் வித்தை பலித்ததில்லை.

முப்பது வருட வேலையில் அவருக்கு மூன்று நாய்க்கடி. இடது கெண்டைக்காலில் இரண்டு, வலதில் ஒன்று. மூன்றும் குட்டையான சடை நாய்கள். பெரிய நாய் குரைத்துச் சொல்லிவிட்டு வரும், பொடிசு சத்தமில்லாமல் பின்னால் வந்து கவ்வும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. அக்காவுக்கோ அந்தப் பொடிசுகள் மேல்தான் உயிர். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒரு பொமரேனியன் குட்டி மட்டும்தான். நகை கேட்டதில்லை, ஊர் சுற்றிக் காட்டச் சொன்னதில்லை. நாய்க்குட்டிப் பேச்சு வந்தால் அத்தான் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டித் தழும்பைக் காட்டுவார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன வருடம் அக்காவின் முழங்கால் தேய்ந்துவிட்டது. மாடிப்படி ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். இவர்கள் வாடகைக்கு இருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. பையன் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டான். பகல் முழுக்க நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நாய்க்குட்டி கேட்பதையும் நிறுத்திவிட்டாள். கேட்டபோதெல்லாம் அசையாத மனுஷரை அவள் கேட்காமல் இருந்தது என்னவோ செய்திருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் தோள்பையிலிருந்து இரண்டரை மாதக் குட்டி ஒன்றை எடுத்து அக்கா மடியில் வைத்தார். அவர் கணக்கெடுக்கும் வீடு ஒன்றில் போட்ட குட்டி. "மொத்தமா சேர்த்தாலும் ஒரு யூனிட் தேறாது" என்றார். அதுவே பெயராகிவிட்டது. அன்றைக்கு அக்கா அழுதது சந்தோஷத்தில்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

யூனிட் வந்த நாலாம் நாள் பால்கனியில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து ஒண்ணுக்குப் போனது. தண்ணீர் வெளியேறும் துளை அந்த மூலையில்தான் இருக்கிறது. அதற்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில், வீட்டுக்கார அம்மா துவைத்த படுக்கை விரிப்பைக் காயப் போட்டிருந்தார். ஐந்தாவது நிமிடம் அந்த விரிப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"நான் ஒண்ணும் நாய்க்கு விரோதி இல்ல. இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள அது வெளியே போகப் பழகலைன்னா, எங்கேர்ந்து கொண்டு வந்தீங்களோ அங்கேயே விட்டுடுங்க."

இருபத்தாறு நாள் இருந்தது. அக்கா குட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அப்போதே கோடு போட ஆரம்பித்துவிட்டார். கீழே இறங்கிய நேரம், வேலை முடிந்த நேரம், மேலே வந்த நேரம் என்று மூன்று கட்டம்.

அக்காவால் படி இறங்க முடியாது. அதனால் எல்லாம் அவர் தலையில். எழுந்ததும் ஒரு தடவை, அது சாப்பிட்டதும் ஒரு தடவை, மதியம் வீட்டுப் பக்கம் வருகிற மாதிரி தெருக்களை மாற்றி வைத்துக்கொண்டு ஒரு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை. குட்டியைக் கைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்குவார். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண்தரை இருக்கிறது. அங்கே இறக்கி விடுவார். அது முகர்ந்து பார்த்து, ஒரு வட்டம் சுற்றி, காலை மடக்கும். முடித்த அடுத்த நொடி வாயில் ஒரு துண்டு பிஸ்கட். அதை மெல்லும்போதே தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடுவார். போய்வர மொத்தம் ஆறு நிமிடம். முதல் வாரம் முழுக்க வீட்டுத்தரையில் ஒரு சொட்டு கிடையாது. அத்தானைப் பிடிக்க முடியவில்லை. முப்பது வருடமாகக் கடித்த ஜாதியை ஒரே வாரத்தில் வழிக்குக் கொண்டுவந்துவிட்டதாக என்னிடமே பீற்றிக்கொண்டார்.

இரண்டாம் வாரம் எல்லாம் தலைகீழ். கீழே இறக்கி விட்டால் யூனிட் முகரும், சுற்றும், எறும்பைப் பார்க்கும், ஆனால் காலை மடக்காது. நோட்டில் இரண்டு நிமிடம் என்று இருந்தது நாலு ஆனது, ஏழு ஆனது, பதினைந்து ஆனது. கடைசியில் இருபத்திரண்டு. அத்தான் பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே கொண்டுவந்து இறக்குவார். மிதியடியிலேயே ஆற அமரப் போய்விடும். நாய் டாக்டரிடம் காட்டினார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, நல்ல ஆரோக்கியம் என்றார் அவர். அப்படியானால் வேண்டுமென்றேதான் செய்கிறது, பொடிசுகளின் புத்தியே இப்படித்தான் என்று அத்தான் பழைய ஆராய்ச்சிக்கே திரும்பிவிட்டார். எனக்கும் கோபம்தான், ஆனால் அவர் மேல். பூனைக்குட்டி அளவுகூட இல்லாத ஒன்று இவரைப் பழிவாங்கத் திட்டம் போடுகிறதாம்!

அக்கா அவருக்குத் தெரியாமல் துடைக்க ஆரம்பித்தாள். வலிக்கிற முழங்காலைத் தரையில் ஊன்றி அவள் துடைத்துக்கொண்டிருந்ததை ஒரு நாள் அவர் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலம் நான் போனபோது குட்டியின் துண்டும் கிண்ணமும் கழுவி, ஒரு பைக்குள் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. மாசக் கடைசிக்கு இன்னும் எட்டு நாள்.

"அந்த வீட்டுல இதை நல்லா பார்த்துப்பாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் போட்டதில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். சாப்பாட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை. அவருக்கும் குட்டியை விட மனசில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தானுக்கு அவசரமாக ஆபீசில் வேலை. காலையில் என்னைக் கூப்பிட்டு, நோட்டை ஒப்படைத்து, கட்டம் விடாமல் எழுதும்படி மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். நான் யூனிட்டோடு கீழே இறங்கினேன். இருபது நிமிடம் கழித்து, போனால் போகிறது என்று காலை மடக்கியது. அந்த நேரம் பார்த்து என் சிநேகிதி போன் செய்தாள். அவள் மாமியார் கதையை ஆரம்பித்தால் லேசில் முடியாது. நான் சைக்கிள் ஸ்டாண்ட் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். யூனிட் ஒரு காய்ந்த இலையைத் துரத்தியது, டயரைக் கடித்தது, என் செருப்பைச் சுற்றிச் சுற்றி ஓடியது. நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. மதியம் போனபோதும் அப்படித்தான், பாதியில் நின்ற கதை பாக்கி இருந்தது. சாயங்காலம் இறக்கி விட்ட இரண்டாவது நிமிடமே யூனிட் வேலையை முடித்துவிட்டது. எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். மேலே வந்த நேரத்தைத் திருத்தி எழுதலாமா என்றுகூட யோசித்தேன், திட்டுவாரே என்று.

அத்தான் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டைப் பிரித்தார். என் பக்கத்தைப் பார்த்தார். தன் பக்கங்களைப் புரட்டினார். மறுபடி என் பக்கம். ஒரு வீட்டில் ரீடிங் திடீரென்று ஏறினால் இப்படித்தான் பழைய கணக்கோடு வைத்துப் பார்ப்பார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். திட்டு விழப்போகிறது என்று நான் பையை எடுத்துக்கொண்டேன்.

"மீட்டர்ல தப்பில்ல" என்றார், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "வேலை முடிஞ்ச நேரமும் மேலே வந்த நேரமும் எனக்கு எல்லா நாளும் ஒண்ணாவே இருக்கு. முடிச்சா உள்ளே தூக்கிட்டுப் போயிடுவான்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் ஏன் முடிக்கும்?"

மறுநாளிலிருந்து முடித்த பிறகு கால் மணி நேரம் கீழேயே இருப்பது என்று முடிவானது. யூனிட்டுக்கு அது சுலபம். அத்தானுக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. வேலை இல்லாத இடத்தில் எப்படி நிற்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. முதல் நாள் கட்டடத்தின் மீட்டர் பலகைக்குப் போய் எட்டு வீட்டு எண்ணையும் படித்துவிட்டு வந்தார். இரண்டாம் நாள் திட்டில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் யூனிட் அவருடைய செருப்பு வாரைக் கடித்து இழுக்க, இவர் விடாமல் காலை இழுக்க, தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வேலைக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்தேன். நோட்டில் நிமிடங்கள் இறங்கின. பத்து, ஐந்து, இரண்டு. வீட்டுக்குள் ஒரே ஒரு தடவைதான் தவறியது. அதுவும் விருந்தாளியைப் பார்த்த குஷியில். விருந்தாளி நான்தான், என் காலில்தான்.

மாசக் கடைசி நாள் வீட்டுக்கார அம்மா சொன்னபடி வந்தார். நானும் அக்காவுக்குத் துணையாக இருந்தேன். எல்லா அறையையும் நடந்து பார்த்தார். சோபாவுக்கு அடியில் குனிந்து முகர்ந்தார். பால்கனித் துளையருகே கொஞ்ச நேரம் நின்றார்.

"இருக்கட்டும்" என்றார் அந்த அம்மா. பிறகு அத்தானைப் பார்த்து, "நாலு வருஷமா குடியிருக்கீங்க. உங்க முகத்தையே இந்த ஒரு வாரமாத்தான் முழுசா பார்க்கிறேன்" என்றார்.

அக்கா யூனிட்டைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கார அம்மாவை உட்கார வைத்து, நோட்டைப் பிரித்துக் காட்டி, இந்தச் சூட்சுமத்தை எந்த நாய் டாக்டரும் சொல்லவில்லை, தானே கண்டுபிடித்தது என்று அளந்துகொண்டிருந்தார். வாயில்லா ஜீவன் எவ்வளவு சாமர்த்தியமாக நேரத்தை நீட்டித்திருக்கிறது பாருங்கள் என்று வியந்துகொண்டார்.

"நானும் அப்படித்தானே" என்றாள் அக்கா.

அத்தான் திரும்பிப் பார்த்தார்.

"கடைக்குப் போனா, வாங்கி முடிச்ச அடுத்த நிமிஷம் கிளம்புன்னு சொல்லிடுவீங்க. அதனாலதான் ஒரு தலையணை உறைக்குக்கூட ரெண்டு மணி நேரம் ஆக்குவேன். எதை எடுக்கறதுன்னு அஞ்சு நிமிஷத்துலயே தெரிஞ்சுடும்."

அக்காவுக்கு ஒரு முடிவெடுக்கத் துப்பில்லை என்று உறவு முழுக்கச் சொல்லி வைத்திருப்பவர் அவர். கூடப் பிறந்த நானும் நம்பியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"இத்தனை வருஷமாவா?" என்று கேட்டார் அத்தான்.

"உங்ககூட வெளியே இருக்கறதுக்கு எனக்கு வேற வழி தெரியல."

அவள் குறையாகச் சொல்லவில்லை. குட்டியின் காதைத் தடவிக்கொண்டு, இருந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். வீட்டுக்கார அம்மா எழுந்து கீழே போனார்.

சாயங்காலம் யூனிட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற அத்தான், படி இறங்கவில்லை. திரும்பி அக்காவிடம் மறு கையை நீட்டினார். மூன்று மாடியும் இறங்க அவர்களுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யூனிட் இறக்கி விட்டதும் வேலையை முடித்துவிட்டது. இருட்டத் தொடங்கியும் அவர்கள் மேலே வருகிற வழியாக இல்லை. அக்கா ஏற்றி வைத்திருந்த அடுப்பை நான்தான் அணைத்தேன்.